பொழுதுபோக்கிற் பிறந்த பொதுச் சொத்து

தன் தொழிலுக்கு வேண்டிய கருவியைத் தானே செய்துகொள்ளும் வழக்கம் மனிதனுக்கு மிகப் பழையது. தச்சன் தன் கைக்கு இசைந்தவாறு உளிக்குப் பிடி போட்டுக்கொள்கிறான். கடற்றொழிலாளன் தன் வலையைத் தானே முடிகிறான். ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பு மாணவரின் புள்ளிகளைப் பதிவதற்குத் தாமே கோடிட்டு ஓர் இடாப்பை அமைத்துக்கொள்கிறார். அவ்வாறு செய்த கருவி நன்றாக அமைந்துவிட்டால் அயலில் இருப்பவர் அதனைக் கேட்பர். கேட்டவருக்குக் கொடுப்பதா, தன்னிடமே வைத்துக்கொள்வதா என்னும் வினா அப்பொழுது எழுகின்றது. கொடுப்பதாயின், அதிலுள்ள குற்றங்குறைகளைப் பிறர் காண்பரே என்னும் கூச்சமும் உடன் எழுகின்றது. கொடுத்த பின்னர் அது பழுதுபட்டாற் திருத்தும் கடன் யாருடையது என்னும் கேள்வி அதனைத் தொடர்கின்றது.

இப்பழைய வினாக்கள் கணினி உலகிலே புதுவடிவம் கொண்டுள்ளன. பகலிலே வேறு தொழில் பார்த்து, இரவிலே விருப்பத்தின் காரணமாகக் கணினிக்கு நிரல் எழுதுவோர் உலகெங்கும் உளர். கூலி கருதாது எழுதுவதால் இவர்களைப் பொழுதுபோக்கு நிரலாளர் எனலாம். இவர்களுள் ஒருவர் தமக்காக ஓர் இணையத்தளம் அமைக்கிறார். நண்பருக்காக இன்னொன்று அமைக்கிறார். ஊர்ச் சங்கத்துக்காக மூன்றாவது ஒன்றை அமைக்கிறார். மூன்றிலும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றோமே என்பது அப்பொழுது அவருக்குப் புலனாகின்றது. பொதுவான பகுதிகளைப் பிரித்தெடுத்து ஒருங்கு சேர்த்து வைக்கிறார். அத்தொகுதியே இணையத்தளச் சட்டகம் எனப்படுவது. அதனை உலகுக்கு வழங்கினால் நிகழ்வது யாது என்பதை நேயர்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதற்கண் இணையத்தளம் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். ஒருவர் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது, அவருடைய கணினியிலுள்ள உலாவி என்னும் மென்பொருள், தொலைவிலுள்ள வழங்கி என்னும் கணினிக்கு ஒரு விண்ணப்பத்தை அனுப்புகின்றது. வழங்கி அதற்கு விடையாக ஒரு பக்கத்தைத் திருப்பி அனுப்புகின்றது. இணையத்தின் தொடக்க நாள்களிலே இப்பக்கங்கள் பெரும்பாலும் அச்சிட்டு அடுக்கிவைத்த துண்டுப்பிரசுரங்கள் போன்றிருந்தன. கேட்பவர் யாவராயினும் ஒரே தாள்தான் கிடைக்கும். நாளடைவில் இது போதாதாயிற்று. பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்க விரும்புபவர் தமது சுட்டெண்ணைக் கொடுத்தவுடன், அவருக்குரிய பெறுபேறு மட்டும் அடங்கிய பக்கம் அந்தக் கணத்திலேயே எழுதப்பட்டு வரல் வேண்டும்.

இவ்வாறு கேட்டவுடன் எழுதிக் கொடுப்பதற்கு வழங்கியினுள்ளே ஒரு சிறு அலுவலகமே நடைபெறுகின்றது. அதனைப் பழைய கச்சேரி ஒன்றுக்கு ஒப்பிடலாம். வாயிலில் நிற்பவர் வந்த கடிதத்தின் மேல்விலாசத்தைப் பார்த்து, இஃது எந்த எழுதுவினைஞருக்கு உரியது என்று தீர்மானிக்கிறார். எழுதுவினைஞர் விண்ணப்பப் படிவத்தில் நிரப்பியவற்றை வாசித்து, அவை முறையானவையா என்று சோதிக்கிறார். பின்னர்ப் பதிவேட்டறைக்குச் சென்று உரிய பதிவை எடுக்கிறார். ஈற்றில், வெற்றிடம் விட்டு அச்சிட்ட பதிற்கடிதமொன்றிலே பெயரையும் விவரத்தையும் எழுதி அனுப்புகிறார். விலாசம் பார்த்து வழிப்படுத்தல், படிவத்தைச் சோதித்தல், தரவுத்தளத்திலிருந்து பதிவை எடுத்தல், வார்ப்புருவிலே விவரத்தை நிரப்புதல் ஆகிய இந்நான்கும் ஏறக்குறைய எல்லா இணையத்தளங்களுக்கும் பொதுவானவை. இவற்றை ஒருமுறை செவ்வனே எழுதிவைத்துவிட்டால், அடுத்த தளத்தை அமைப்பவர் அதற்கே உரிய சிறப்பான பகுதியை மட்டும் எழுதினாற் போதுமானது. தூணும் வளையும் கூரையும் நிறுத்திய வீட்டை ஒருவர் கொடுக்க, சுவரும் கதவும் தம் விருப்பப்படி மற்றொருவர் அமைத்துக்கொள்வது போன்றது இது.

இன்று உலகிலே பெயர்பெற்று விளங்கும் சட்டகங்கள் பலவும் தன் வேலைக்காகச் செய்த கருவிகளாகவே பிறந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன், வேலைத்திட்டங்களை ஒழுங்குபடுத்தும் இணைய மென்பொருளொன்றை எழுதியபோது, அதனுட் பொதுவானவற்றைப் பிரித்தெடுத்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்டதே ரூபி ஒன் ரெயில்ஸ். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள லோரன்ஸ் என்னும் நகரத்தின் நாளிதழ் அலுவலகத்திலே, செய்தி வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பொருட்டு எழுதப்பட்டு 2005ஆம் ஆண்டில் யாவருக்கும் வழங்கப்பட்டது ஜாங்கோ. ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஆர்மின் ரோனகர் 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி வேடிக்கையாக ஒரே கோப்பில் அடங்கிய சிறு சட்டகமொன்றை வெளியிட்டார். வேடிக்கையைப் பலர் மெய்யென்றே வரவேற்றனர். அவ்வேடிக்கையிலிருந்து வளர்ந்த பிளாஸ்க் இன்று பெருவழக்கிலுள்ளது. ஆயினும் இவை யாவற்றுக்கும் முன்னே பிறந்து, இவை யாவற்றினும் பரந்து சென்ற கருவி ஒன்று உண்டு. கொடுத்தலின் பயனையும் அதனால் வரும் பொறுப்பையும் ஒருங்கே காட்டுவது அதன் வரலாறு.

ரஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர் 1968ஆம் ஆண்டில் கிறீன்லாந்திற் பிறந்தவர். கனடாவிலே வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1993ஆம் ஆண்டு பொறியியற் பட்டம் பெற்றவர். தம் கல்வி, தொழில் அனுபவம் ஆகியவற்றைக் கூறும் விவரக்குறிப்பை அவர் இணையத்திலே இட்டிருந்தார். அதனை எத்தனைபேர் வந்து பார்க்கின்றனர் என்று அறிய விரும்பினார். அந்த விருப்பத்தை நிறைவேற்ற 1994ஆம் ஆண்டிலே சி என்னும் நிரல்மொழியிற் சில சிறு நிரல்களை எழுதினார். தம் தேவையின் அளவை நன்குணர்ந்து, அவற்றுக்குத் 'தனிமனித முகப்புப் பக்கக் கருவிகள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே பி.எச்.பி. என்பன.

அக்காலத்திலே உடனுக்குடன் எழுதப்படும் பக்கமொன்றை அமைத்தல் இலகுவான காரியமன்று. பக்கத்தில் வரவேண்டிய சொற்களும் கணினிக்கான கட்டளைகளும் ஒரே நிரலிற் கலந்து கிடக்கும். பக்கத்திலே ஒரு சொல்லை மாற்ற வேண்டுமாயினும் நிரலையே திருத்துதல் வேண்டும். லெர்டோர்ப்பின் கருவிகள் வளர்ந்து வந்தபோது இதற்கு ஓர் எளிய வழியைத் தந்தன. பக்கத்தைப் பக்கமாகவே எழுதிவிட்டு, இடையிடையே விசேட அடையாளமிட்டுக் குறிப்புகளை வைத்தாற் போதும். 'இவ்விடத்தில் இதுவரை வந்தோர் தொகையை எழுதுக' என்பது ஒரு குறிப்பு. 'இவ்விடத்தில் விண்ணப்பித்தவரின் பெயரை எழுதுக' என்பது இன்னொரு குறிப்பு. பக்கம் வழங்கியை விட்டுப் புறப்படும் முன்னர் அக்குறிப்புகள் வாசிக்கப்பட்டு, அவ்வவ்விடங்களில் விடை நிரப்பப்படும். நிரலாக்கத்திற் பெரும் பயிற்சியில்லாதவரும் இதனைக் கையாள முடிந்தது.

1995ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆந் திகதி லெர்டோர்ப் இக்கருவிகளின் மூலநிரலை யாவருக்கும் வெளியிட்டார். மூலநிரல் என்பது மனிதர் வாசிக்கத்தக்க வடிவிலுள்ள நிரல். சமைத்த கறியை மட்டும் கொடுப்பதற்கும், கறியோடு சமைக்கும் முறையையும் எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உண்டு. முறையைப் பெற்றவர் உப்பு மிகுந்ததாயிற் குறைக்கலாம். தமக்கு வேண்டாத சரக்கை நீக்கலாம். குறைத்ததையும் நீக்கியதையும் கொடுத்தவருக்குச் சொல்லி அனுப்பவும் செய்யலாம். அவ்வாறே நிகழ்ந்தது. பெற்றவர்கள் பிழைகளைக் கண்டனர், திருத்தங்களை அனுப்பினர், புதிய பகுதிகளை எழுதிச் சேர்த்தனர். கருவியும் அதன் பெயரும் சிலமுறை மாறின. 1998ஆம் ஆண்டு மே மாதம் நெற்கிராப்ட் என்னும் நிறுவனம் எடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 60,000 இணைய ஆள்களங்கள் இக்கருவியைக் கொண்டிருந்தன. அக்காலத்து இணையம் முழுவதிலும் நூற்றுக்கு ஒரு பங்கு அளவினது அத்தொகை.

இதனிடையே 1997ஆம் ஆண்டிலே, இசுரேல் நாட்டில் அண்டி குட்மன்ஸ், சீவ் சுரஸ்கி என்னும் மாணவர் இருவர் பல்கலைக்கழக வேலை ஒன்றுக்கு இக்கருவியைப் பயன்படுத்த முயன்றனர். இணைய வணிகத்துக்குரிய அவ்வேலைக்கு இது ஆற்றல் போதாதது என்று கண்டனர். கட்டளைகளை வாசித்துப் பொருள்கொள்ளும் உட்பகுதியை முற்றாகப் புதிதாய் எழுதத் தொடங்கினர். லெர்டோர்ப்போடும் தொடர்பு கொண்டனர். தன் ஏட்டைப் பிறன் திருத்துவது நூலாசிரியனுக்கு எளிதில் உவப்பாவதன்று. திருத்துவது மட்டுமன்றி, அடியோடு மாற்றி எழுதுவோம் என்று இருபது வயது கடந்த மாணவர் இருவர் வந்து நின்றால் அதனை ஏற்போர் சிலரே. லெர்டோர்ப் அதனை ஏற்றுக்கொண்டார். மூவரும் பிறரும் கூடி உழைத்ததன் பயனாக 1998ஆம் ஆண்டு யூன் மாதம் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அப்பொழுது எழுத்துகள் அவையேயாக, அவற்றின் விரிவு மட்டும் மாற்றப்பட்டது. 'தனிமனித' என்னும் சொல் பெயரிலிருந்து நீங்கிற்று. கருவி ஒருவருடையதாக இருந்த நிலை அன்றோடு முடிந்தது.

ஒருவர் கொடுத்ததை மற்றொருவர் வாங்கி, அதன்மேல் இன்னொன்றைக் கட்டி, அதனையும் கொடுத்துவிடும் வழக்கம் இதன்பின் பெருகிற்று. ஜெர்மனியின் கொலோன் நகரத்திலே உயிரியல் பயின்ற மக்னஸ் மன்ஸ்கே என்னும் மாணவர், அப்பொழுது தொடங்கியிருந்த விக்கிப்பீடியாக் கலைக்களஞ்சியத்துக்காக 2001ஆம் ஆண்டில் பி.எச்.பி.யில் ஒரு மென்பொருளை எழுதினார். 2002 சனவரியிலே விக்கிப்பீடியா அதற்கு மாறிற்று. அதே ஆண்டின் நடுப்பகுதியில் வேறொருவர் அதனைத் திருத்தி எழுதினார். அவ்வாறு வளர்ந்த மீடியாவிக்கி என்னும் மென்பொருளின் மேலேயே 2003ஆம் ஆண்டிற் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இயங்குகின்றது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் அழியாது காக்கும் பொருட்டு 2005ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தின் தளமும் அம்மென்பொருளாலேயே அமைந்தது. கனடாவில் ஓர் இளைஞர் தம் விவரக்குறிப்பைப் பார்க்க வருவோரை எண்ண எழுதிய நிரலுக்கும், யாழ்ப்பாணத்திலே அச்சான பழஞ் சஞ்சிகையொன்றை இன்று தன் வீட்டிலிருந்து வாசிக்கும் மாணவிக்கும் இடையே அறாத தொடர்பு உண்டு என்பதை அறிந்தவர் வெகு சிலரே.

இத்தொடர்பு உயிர்காக்கும் பணிக்கும் உதவியதுண்டு. 2004ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்கு, தெற்கு, வடக்குக் கரையோரங்களைத் தாக்கியது. 30,000க்கும் மேற்பட்டோர் இந்நாட்டிலே உயிரிழந்தனர். இடம்பெயர்ந்து முகாம்களிற் தங்கியோர் தொகை இலட்சங்களாயிற்று. தாய் ஒரு முகாமிலும் பிள்ளை வேறொரு முகாமிலும் இருக்க, ஒருவர் உயிரோடிருப்பதை மற்றவர் அறியாத நிலை. ஒரு முகாமிலே உடைகள் குவிந்து கிடக்க, மற்றொரு முகாமிலே குடிநீருக்குத் தட்டுப்பாடு. இவற்றையெல்லாம் ஒரே பதிவேட்டிற் காட்டும் மென்பொருள் உடனடியாகத் தேவைப்பட்டது.

இலங்கை நிரலாளர்கள் தொண்டர்களாக ஒன்றுகூடி, சில வாரங்களுக்குள்ளே அத்தகைய இணைய மென்பொருளை எழுதினர். சிங்கள மொழியில் நிவாரணம் என்று பொருள்தரும் 'சகன' என்பதே அதன் பெயர். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, கேட்ட பொருளையும் கிடைத்த பொருளையும் பொருத்திப் பார்க்கும் பகுதி ஆகியன அதில் அமைந்தன. அரசாங்கத்தின் தேசிய செயற்பாட்டு நிலையம் அதனைப் பயன்படுத்தியது. லங்கா மென்பொருள் மன்றம் அதனை வளர்க்கும் பணியை மேற்கொண்டது. இத்தனை விரைவாக எழுத முடிந்தது எவ்வாறு? அடித்தளம் முன்னரே போடப்பட்டிருந்தது என்பதே விடை. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டிலே பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் அதன் கீழே இருந்தது. லெர்டோர்ப் கொடுத்த பி.எச்.பி. அதன் மேலே இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவோ, விலை பேசவோ, உரிமத்துக்குக் காத்திருக்கவோ வேண்டியிருக்கவில்லை. 'சகன'வும் அவ்வாறே யாவருக்கும் வழங்கப்பட்டது. 2005 ஒக்டோபரிலே பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2006 பெப்ரவரியிலே பிலிப்பைன்ஸில் மண்சரிவு நேர்ந்தபோதும் அது அங்கே சென்று உதவிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகநலத் திட்டங்களுக்கு வழங்கும் 2006ஆம் ஆண்டுக்குரிய விருதும் அதற்குக் கிடைத்தது. வாங்கியதை மறுபடியும் கொடுத்த நாடு என்னும் பெருமையை இலங்கை அவ்வகையிற் பெற்றது.

ஆயின், இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். வீட்டில் ஒருவர் தமக்கெனச் செய்த கருவியின் குறைகள் அவரோடு நின்றுவிடும். ஊருக்குக் கொடுத்த கருவியின் குறைகள் ஊருடையனவாகிவிடும். பி.எச்.பி.யிற் கட்டளைப் பெயர்கள் ஒரு சீராக அமையவில்லை. தொடக்க காலத்திலே பெயரின் நீளத்தைக் கொண்டே கணினி அதனைத் தேடிப் பிடித்தது. ஒரே நீளமுள்ள பெயர்கள் பலவாயிற் தேடல் மந்தமாகும். ஆகவே, வெவ்வேறு நீளமாக அமையும்படி பெயர்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒருவர் மேசைக்கு அது போதுமான உபாயமே. அந்த உபாயத்துக்கு இடமில்லாது போன பின்னரும் பெயர்கள் நிலைத்துவிட்டன. இன்னொன்று, வைக்கோற்போரில் ஊசி தேடுவது போன்ற தேடற் கட்டளைகளைப் பற்றியது. ஒரு கட்டளையில் வைக்கோற்போரை முன்னும் ஊசியைப் பின்னும் கூற வேண்டும். மற்றொன்றில் ஊசியை முன்னும் வைக்கோற்போரைப் பின்னும் கூற வேண்டும். இன்றும் இக்கருவியைப் பயில்வோர் இதனால் இடறுகின்றனர்.

இவை சிறிய தொல்லைகள். பெரிய தொல்லை ஒன்றும் இருந்தது. படிவத்தை நிரப்புபவர் எழுதியவற்றை நிரலுக்குள் எளிதிற் கொண்டுவரும் பொருட்டு ஒரு வசதி செய்யப்பட்டிருந்தது. வெளியிலிருந்து எந்தப் பெயரோடு எந்தச் செய்தி வந்தாலும், நிரலினுள்ளே அதே பெயரிலே அது தானாக அமர்ந்துவிடும். கச்சேரியிலே பொதுமக்கள் இடும் துண்டுகளையும், அதிகாரிகள் தமக்குள் எழுதும் துண்டுகளையும் ஒரே பெட்டியிற் போடுவது போன்றது இது. கெட்ட எண்ணமுடைய ஒருவன் 'இவர் அனுமதி பெற்றவர்' என்று தானே ஒரு துண்டை எழுதிப் பெட்டியிலே இட்டுவிட்டால், கவனமின்றி எழுதப்பட்ட நிரல் அதனை அதிகாரி எழுதியதாகவே கொள்ளும். இவ்வழியாற் பல தளங்கள் தாக்குதலுக்கு இடமளித்தன. 2002ஆம் ஆண்டு ஏப்பிரலிலே இவ்வசதி இயல்பு நிலையில் நிறுத்திவைக்கப்பட்டது. முற்றாக நீக்கப்பட்டதோ 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே. நன்மை செய்யும் நோக்கத்தோடு இட்ட ஒரு வசதியை எடுத்தெறிய ஏறக்குறைய பத்து ஆண்டுகள் சென்றன. அதனை நம்பி எழுதப்பட்ட தளங்கள் உலகெங்கும் நிறைந்திருந்ததே தாமதத்துக்குக் காரணம்.

கொடுத்தவரின் மேல் விழும் சுமையும் சிந்திக்கத்தக்கது. லினக்ஸ் கணினிகளிலே கோப்புகளைச் சுருக்கி வைக்கும் மென்பொருளொன்று நெடுங்காலம் ஒரே தொண்டரால், ஊதியமின்றிப் பொழுதுபோக்காகவே பேணப்பட்டு வந்தது. அவர் களைப்புற்ற வேளையிலே உதவியாளர்போல் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆண்டுக்கணக்காக ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வெளியிட்ட பதிப்பினுள் அந்த உதவியாளர் ஓர் இரகசிய வாயிலை ஒளித்து வைத்தார். அந்திரேஸ் பிரொயிண்ட் என்னும் பொறியியலாளர், கணினியினுள் நுழைவதற்கு வழக்கத்தினும் அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கண்டு, காரணத்தைத் தேடி, மார்ச்சு மாதம் 29ஆந் திகதி உண்மையை வெளிப்படுத்தினார். அந்த அரைச் செக்கனைப் பொருட்படுத்தாது விட்டிருந்தால் உலகின் எண்ணிறந்த கணினிகள் அந்நியர் கையில் அகப்பட்டிருக்கக்கூடும். ஆயிரமாயிரம் பேர் பயன்கொள்ளும் பொருளைப் பேணும் பாரத்தை ஒரு தனிமனிதரின் ஓய்வு நேரத்தில் விட்டுவைத்தல் முறையன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. பி.எச்.பி.யைப் பேணுவோருக்கு ஊதியமளிப்பதற்கென 2021ஆம் ஆண்டு நவம்பரிலே ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டதும் இத்தகைய கவலையினாலேயே.

இவற்றையெல்லாம் கேட்கும் நேயரொருவர், 'நல்ல சட்டகங்கள் ஏற்கனவே பல உள்ளனவே. பொழுதுபோக்கு நிரலாளர் இன்னொன்றைச் செய்து வெளியிடுவதனாற் பயன் யாது?' என்று வினவலாம். வினா நியாயமானதே. பெரிய சட்டகங்கள் பெரிய தளங்களுக்கு உரியவை. ஐந்து பக்கங்களைக் கொண்ட வாசிகசாலைத் தளத்துக்கு அவை ஆனைப்பாரம் ஆகலாம். அன்றியும், பிறர் செய்த சட்டகத்தைப் பயன்படுத்துபவர் அதன் வெளிப்புறத்தை அறிவார். தாமே ஒன்றைச் செய்து பார்த்தவரே அதன் உட்புறத்தை அறிவார். கடிகாரத்தின் மணியைப் பார்ப்பதற்கும் அதனைப் பிரித்துப் பூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அது. செய்ததை மேசைக்குள் வைத்திருந்தாற் கற்றது பாதியே. பிறர் வாசிப்பர் என்று கருதி எழுதும்போதுதான் பெயர்கள் தெளிவடைகின்றன, குழப்பமான பகுதிகள் செப்பமடைகின்றன. முன்பின் அறியாத ஒருவர் அனுப்பும் ஒரு வரித் திருத்தம், பல நாட் படிப்பாலும் கிட்டாத பாடத்தைக் கற்பித்துவிடும்.

ஆகவே, கொடுத்தல் நன்று. ஆனாற் கொடுக்கும் முறை அறிந்து கொடுத்தல் வேண்டும். முதலாவது, உரிமம். மூலநிரலை வெளியே வைத்துவிட்டதனால் மட்டும் பிறருக்கு அதனைப் பயன்படுத்தும் உரிமை கிடைத்துவிடாது. எழுத்தாளனின் உரிமை நூலில் நிலைபெறுவது போல நிரலிலும் நிலைபெறுகின்றது. எம்.ஐ.டி. உரிமம், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் பி.எஸ்.டி. உரிமம் போன்றவை, ஆக்கியோன் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காது எவ்வாறும் பயன்படுத்துக என்பன. ரிச்சட் ஸ்டோல்மன் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது மக்கள் உரிமம், திருத்திப் பிறருக்கு வழங்குவோர் தம் திருத்தத்தையும் அதே உரிமையோடு வழங்குக என்பது. எதனை விரும்புகின்றார் என்பதைக் கொடுப்பவரே ஒரு வரியிற் கூறிவிடல் வேண்டும்.

இரண்டாவது, விளக்கக் குறிப்பு. கருவி யாது செய்யும் என்பதோடு யாது செய்யாது என்பதையும் அதில் எழுதுதல் வேண்டும். கடவுச்சொற்களையும் பணக்கொடுக்கல் வாங்கலையும் கையாளும் அளவுக்குப் பரிசோதிக்கப்படவில்லையாயின், அதனை முதற்பக்கத்திலேயே சொல்வது நேர்மை. மூன்றாவது, சிறிய எடுத்துக்காட்டொன்று. வாங்கியவர் கால் மணி நேரத்துக்குள் ஒரு பக்கத்தை எழுப்பிப் பார்க்க முடியாவிட்டால் அப்பால் வைத்துவிடுவார். நான்காவது, பெயர்களிலும் ஒழுங்கிலும் தொடக்கத்திலேயே கவனம். பத்துப்பேர் பயன்படுத்தும்போது மாற்றுவது எளிது; பதினாயிரம்பேர் பயன்படுத்தும்போது மாற்றுவது அரிது. ஐந்தாவது, கைமாற்றும் மனம். தமக்கு நேரமில்லாத நாள் வருமாயின், அதனை வெளிப்படையாகக் கூறி, ஆராய்ந்தறிந்த தகுதியான ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஒப்படைக்க ஒருவரும் இல்லையாயின், இஃது இனிப் பேணப்படாது என்று அறிவித்தல் வேண்டும்.

பெறுபவருக்கும் கடமை உண்டு. இலவசமாகக் கிடைத்தது என்பதனால், கொடுத்தவரைத் தம் பணியாளராகக் கருதுதல் கூடாது. பிழை கண்டவர் ஏசுவதை விடுத்து, எவ்வாறு செய்தபோது அப்பிழை தோன்றிற்று என்று எழுதி அனுப்பினால் அதுவே பெருங்கொடை. நிரல் எழுத இயலாதவர் விளக்கக் குறிப்பைத் தமிழாக்கம் செய்யலாம். பொருள் வசதியுள்ள நிறுவனங்கள் தாம் தங்கியிருக்கும் சிறு கருவிகளின் பாதுகாவலர் யாவர் என்று விசாரித்து, அவர்க்கு ஒரு பங்கு உதவலாம்.

லெர்டோர்ப் வெளியிட்ட கருவி அன்று குறைகளற்றதாக இருக்கவில்லை; பின்னரும் நெடுங்காலம் குறைகளோடேயே இருந்தது. குறை தீரும்வரை காத்திருந்து வெளியிட எண்ணியிருந்தால் அது அவருடைய மேசையை விட்டு நீங்கியிராது. அதன் குறைகளைத் தீர்த்தவர்களோ, அவர் வெளியிட்டதனால் வந்து சேர்ந்தவர்கள். பிறர் திருத்த இடங்கொடுத்ததும், தம் பெயரினும் கருவியின் நலத்தைப் பெரிதாகக் கொண்டதுமே அவர் செய்த பெரும்பணி. இன்று நம் நாட்டிலே பாடசாலை மாணவனோ, வேலை முடிந்து வீடு திரும்பிய எழுதுவினைஞரோ, ஓய்வு நேரத்திலே தமக்கென எழுதிவைத்த சிறு நிரல் ஏதும் மேசைக்குள் இருக்குமாயின், அதற்கு ஓர் உரிமத்தையும் ஒரு பக்க விளக்கத்தையும் எழுதிச் சேர்த்து வெளியிடுதல் தகும். அது யாருக்கு, எந்த நாளில், எந்த ஊரிற் பயன்படும் என்பதைக் கொடுக்கும்போது எவரும் அறியார்.